அடித்தவனின் கதை எங்கே முடிகிறது?

காவிரிப் படுகையின் கடைமடைப் பகுதியில் ஒரு சிறு நகரத்து நீதிமன்றத்தில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் வக்கீல் குமாஸ்தாவாக இருந்தவன் நான். மனு எழுதுவது, நகல் எடுப்பது, வாய்தா தேதியைக் கட்சிக்காரருக்குச் சொல்லி அனுப்புவது என்று போன அந்த ஆண்டுகளில் ஒரு விஷயம் என்னை விடாமல் உறுத்திக்கொண்டிருந்தது. ஒரே அடிதடியைப் பற்றி இரு தரப்பும் கொடுத்த புகார்களை அடுத்தடுத்து வைத்துப் படித்தால், இரண்டும் ஒரே நாளில் ஒரே இடத்தில் அதே ஆட்களுக்கு இடையே நடந்தவை என்று நம்புவதே கடினமாக இருக்கும். ஒரு தரப்பு பொய் சொல்கிறது என்றுதான் ஆரம்பத்தில் நினைத்தேன். பொய்யும் இருந்தது, ஆனால் பொய்யை எல்லாம் கழித்த பிறகும் வித்தியாசம் மிஞ்சி நின்றது. மனிதர்கள் ஏன் ஒருவருக்கொருவர் தீங்கு செய்கிறார்கள் என்ற கேள்வியைப் புதிதாக யோசிக்கத் தொடங்குகிறவர்கள், அந்த மிஞ்சிய வித்தியாசத்திலிருந்து தொடங்கலாம் என்பது என் எண்ணம்.

முதலில் சொற்களைச் சற்றுப் பிரித்து வைத்துக்கொள்வோம். திருவாரூர்க் கோயிலுக்கு வெளியே நிற்கும் கல்தேரைப் பார்த்தவர்களுக்கு மனுநீதிச் சோழனின் கதை தெரிந்திருக்கும். இளவரசன் ஓட்டி வந்த தேரின் சக்கரத்தில் துள்ளி வந்த கன்று விழுந்து இறந்தது. அவன் அதைக் கொல்ல நினைக்கவில்லை, வந்ததையே பார்க்கவில்லை. அங்கே நிகழ்ந்தது தீங்கு. தெரிந்தே, தவிர்க்க முடிந்த நிலையிலும், இன்னோர் உயிர் படும் பாட்டைப் பொருட்படுத்தாமல் ஒருவர் செய்வதை நாம் தீமை என்கிறோம். செய்தவரின் மனத்தைக் கணக்கில் எடுத்துக்கொள்ளாமல் இந்த வேறுபாட்டைச் செய்யவே முடியாது. நீதிமன்றங்களும் இதே வேறுபாட்டின் மீதுதான் நிற்கின்றன. ஆனால் அந்தக் கதையில் மணியை அடித்தது தாய்ப்பசு. இளவரசனுக்குக் கொலை நோக்கம் இல்லை என்பதால் பசுவின் துயரத்தில் ஒரு மாற்றும் குறையவில்லை. செய்தவர் நிற்கும் இடத்திலிருந்து பார்ப்பது ஒன்று, பட்டவர் நிற்கும் இடத்திலிருந்து பார்ப்பது வேறொன்று என்பதை அந்தப் பசு நமக்கு முன்கூட்டியே சொல்லிவிடுகிறது.

தீமைக்குக் காரணம் கேட்டால் பெரும்பாலோர் சொல்லும் முதல் விடை, கெட்டவர்கள் இருக்கிறார்கள் என்பதுதான். பிறர் வலியில் இன்பம் காண்கிறவர்களும், பிறர் வலி என்ற ஒன்றையே உணராதவர்களும் உலகில் இருக்கிறார்கள்; அதை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் அவர்கள் மிகச் சிலர். உலகில் நடக்கும் கொடுமைகள் அத்தனையையும் செய்து முடிக்க அந்தச் சிலரின் கைகள் போதா. நான் பார்த்த எதிரிகளில் பெரும்பாலோர், எதிரி என்பது எங்கள் தொழிலில் குற்றம் சாட்டப்பட்டவரைக் குறிக்கும் சொல், வீட்டில் பிள்ளைகளுக்குப் பொங்கல் துணி எடுத்துக் கொடுத்தவர்கள், ஊர்க் கோயில் திருவிழாவுக்கு வரி தவறாமல் கொடுத்தவர்கள், என்னிடம் கட்டணப் பாக்கி வைக்காதவர்கள்.

ஒரு வழக்கைச் சொல்கிறேன். ஆட்களை அடையாளம் காண முடியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். இரண்டு பங்காளிகள், பக்கத்துப் பக்கத்து வயல். மேட்டூரில் ஜூன் 12இல் தண்ணீர் திறந்தாலும் கடைமடைக்கு அது வந்து சேர நாளாகும். வந்த தண்ணீரும் முறை வைத்துத்தான் பாயும். அன்று இரவு பெரியவரின் முறை. தழையும் களிமண்ணும் வைத்து யாரோ அடைத்திருந்த மடையை அவர் குனிந்து வெட்டிக்கொண்டிருந்தபோது, சின்னவர் பின்னாலிருந்து மண்வெட்டிக் காம்பால் அவர் தலையில் அடித்துவிட்டார்.

சின்னவர் எங்கள் வக்கீலின் கட்சிக்காரர். நடந்ததைச் சொல்லச் சொன்னபோது அவர் அந்த இரவிலிருந்து தொடங்கவில்லை. தம் தகப்பனார் காலத்தில் வரப்பு அரை அடி நகர்த்தி வைக்கப்பட்டதிலிருந்து தொடங்கினார். அத்தை வீட்டுக் கல்யாணத்தில் பந்தியில் வைத்துச் சொல்லப்பட்ட ஒரு வார்த்தைக்கு வந்தார். முந்தைய ஆண்டு தண்ணீர் கிடைக்காமல் குறுவை நாற்று கருகியதைச் சொன்னார். அந்த இரவில் பெரியவர் அவரைப் பார்த்துச் சிரித்ததைச் சொன்னார். பிறகு, "அதுலதாங்க கை ஓங்கிட்டேன்" என்றார். அத்துடன் அவர் கதை முடிந்துவிட்டது.

பெரியவரின் வாக்குமூலம் அடியிலிருந்துதான் தொடங்கியது. வரப்பும் இல்லை, கல்யாணப் பந்தியும் இல்லை. குனிந்திருந்தவர் தலையில் காரணமே இல்லாமல் அடி விழுந்தது; அதற்குப் பிறகு அந்தக் கதை முடியவே இல்லை. அரசு மருத்துவமனையில் கிடந்தது, அந்தப் போகம் நடவு தள்ளிப்போனது, வெயிலில் நின்றால் இன்றும் தலை கிறுகிறுப்பது, தலையில் அடிபட்ட ஆள் என்று பெண் பார்க்க வந்தவர்கள் பேசிக்கொண்டது என்று ஒவ்வொரு வாய்தாவுக்கும் அது நீண்டுகொண்டே வந்தது. ஒருவர் கதை முடிந்த இடத்தில்தான் மற்றவர் கதையே தொடங்கியிருந்தது.

இது எங்கள் ஊரின் தனி விசேஷம் அல்ல என்று பின்னாளில் தெரிந்துகொண்டேன். அமெரிக்க உளவியலாளர் ராய் பாமைஸ்டரும் அவருடைய சக ஆய்வாளர்களும் 1990இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், ஒவ்வொருவரையும் இரண்டு சம்பவங்களை எழுதச் சொன்னார்கள்: தாம் ஒருவரைக் கோபப்படுத்தியது ஒன்று, தம்மை ஒருவர் கோபப்படுத்தியது மற்றொன்று. எழுதியவர்கள் அதே ஆட்கள்தான். ஆனால் தாம் செய்ததை எழுதும்போது அதற்குப் புரிந்துகொள்ளத்தக்க காரணம் இருந்தது, அது அன்றோடு முடிந்தும் போயிருந்தது. தமக்கு நேர்ந்ததை எழுதும்போது எதிராளியின் செயலுக்குக் காரணமே இல்லை, அதன் விளைவோ இன்னும் தொடர்ந்துகொண்டிருந்தது. நல்லவர் ஒரு விதமாகவும் கெட்டவர் வேறு விதமாகவும் எழுதவில்லை. ஒரே மனிதர் எந்தப் பக்கம் நிற்கிறாரோ அந்தப் பக்கத்துக் கதையை எழுதினார். ஆகவே தீங்கு செய்கிறவர்களில் பெரும்பாலோருக்கு, செய்யும் நேரத்தில், தாம் தீங்கு செய்கிறோம் என்ற எண்ணமே இருப்பதில்லை. தமக்கு நேர்ந்த அநியாயத்துக்குப் பதில் கொடுக்கிறோம் என்ற எண்ணமே இருக்கிறது. என் அனுபவத்தில் பேராசையைவிட, ஏன், வெறுப்பையும்விட, இந்த 'நியாயம்' அதிக மண்டைகளை உடைத்திருக்கிறது.

இதற்கு நம் மொழியும் கைகொடுக்கிறது. மனு எழுதிய பழக்கத்தில் சொல்கிறேன்: அடிபட்டவர் "அடித்தான்" என்பார், அடித்தவர் "அடி பட்டுவிட்டது" என்பார். "கைகலப்பு ஏற்பட்டது", "தள்ளுமுள்ளு ஆகிவிட்டது", "வாய் தடித்தது", "கை நீண்டுவிட்டது" என்ற தொடர்களில் செய்தவன் எங்கே போனான் என்று தேடிப் பாருங்கள். மழை பெய்வதைப் போலவும் விளக்கு அணைவதைப் போலவும் அடி தானாக விழுகிறது. திட்டமிட்டுச் செய்வதற்கோ வேறு சொற்கள் இருக்கின்றன: பாடம் புகட்டுவது, தட்டி வைப்பது, நன்றாகக் 'கவனித்து' அனுப்புவது. பாடம் என்றால் சொல்லிக் கொடுப்பவர் ஆசிரியராகிவிடுகிறார். ஆல்பர்ட் பண்டுரா என்ற உளவியலாளர், மனிதர்கள் தம் மனச்சாட்சியைத் தற்காலிகமாகக் கழற்றி வைக்கும் வழிகளைப் பற்றி எழுதியபோது இப்படிச் செயலுக்கு நல்ல பெயர் வைப்பதையும், பழியை மற்றவர் மீது போடுவதையும், எதிரில் இருப்பவரை மனிதராகவே எண்ணாமல் விடுவதையும் அவற்றில் முக்கியமாகச் சொன்னார்.

கடைசியாகச் சொன்னதைக் காவிரிப் படுகையில் விளக்க நெடுநேரம் ஆகாது. பண்ணையாள் முறை நிலவிய காலத்தில் நரைத்த தலையுடைய உழவரைப் பண்ணை வீட்டுப் பத்து வயதுப் பையன் 'டேய்' என்று அழைத்தான். அவர் அந்தப் பையனுக்கும் அவன் தகப்பனுக்கும் 'ஆண்டே' என்று பதில் சொன்னார். சவுக்கடியும், சாணியைக் கரைத்துக் குடிக்கவைக்கும் சாணிப்பால் தண்டனையும் அந்தப் பேச்சுக்குப் பிறகு வந்தவை. ஒருவரை அப்படி அழைத்துப் பழகிய நாவுக்குச் சொந்தக்காரர், அவருக்கும் தமக்கும் ஒரே மாதிரி வலிக்கும் என்று நினைக்க வேண்டிய கட்டாயம் ஏதும் இல்லை. 1940களில் பொதுவுடைமைத் தலைவர் சீனிவாச ராவ் போன்றவர்கள் கட்டிய விவசாயத் தொழிலாளர் இயக்கத்தில் கூலிக் கோரிக்கையோடு சவுக்கடிக்கும் சாணிப்பாலுக்கும் எதிரான கோரிக்கையும் சேர்ந்தே எழுந்தது. பண்ணையாள்களுக்கான பாதுகாப்புச் சட்டம் 1952இல் வந்தது. பேச்சு மாற அதற்குப் பிறகும் நெடுங்காலம் ஆயிற்று. சில தெருக்களில் இன்னும் முழுக்க மாறிவிடவில்லை.

1968 டிசம்பர் 25 இரவு, கீழ்வேளூரை அடுத்த கீழ்வெண்மணியில் தலித் விவசாயத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் ஒரு குடிசைக்குள் எரித்துக் கொல்லப்பட்டனர். அவர்களில் பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும் முதியவர்களும். அரைப்படி நெல் கூடுதல் கூலி கேட்டதும், செங்கொடிச் சங்கத்தை விட்டு விலக மறுத்ததும் அதற்குப் பின்னணி. நினைத்தாலே கை நடுங்கும் இந்த நிகழ்வை இங்கே கொண்டுவருவதற்கு ஒரு காரணம் உண்டு. அந்தக் காலத்தில் நிலவுடைமையாளர் தரப்பு பேசியதைப் பார்த்தால், பாதிக்கப்பட்டது தாங்களே என்றுதான் அது சொல்லிக்கொண்டிருந்தது: எங்கள் நிலம், எங்கள் நெல், எங்கள் ஊர்க் கட்டுப்பாடு, இவை எல்லாம் பறிபோகின்றன. அன்று மாலை மோதலில் அந்தத் தரப்பு ஆள் ஒருவர் உயிரிழந்திருந்தார். அதுவும் அந்தக் கதையில் சேர்ந்துகொண்டது. காரணங்கள் எல்லாம் தீக்குச்சி உரசப்படும் வரை வந்து, அதோடு நின்றுவிடுகின்றன. குடிசைக்குள் இருந்தவர்களின் கதை அங்கிருந்துதான் தொடங்க வேண்டும். அதைச் சொல்ல அவர்கள் இல்லை. செய்தவரின் காரணத்தை விளங்கிக்கொள்வது என்பது அதை ஏற்றுக்கொள்வது ஆகாது என்பதை இந்த இடத்தில் அழுத்திச் சொல்லிவிட வேண்டும். விளக்கம் வேறு, மன்னிப்பு வேறு.

அந்த வழக்கில் கீழ்நீதிமன்றம் தண்டித்த நிலவுடைமையாளர்களைச் சென்னை உயர் நீதிமன்றம் 1973இல் விடுவித்தது. நிறைய நிலம் உடைய செல்வந்தர்கள், அதிலும் கார் வைத்திருப்பவர், தாமே நடந்து சென்று குடிசைகளுக்குத் தீ வைத்திருப்பார்கள் என்று நம்புவது கடினம் என்று அந்தத் தீர்ப்பு சொன்னது. சாட்சியங்களைப் பற்றிப் பேச நான் சட்டம் படித்தவன் அல்லன். ஆனால் அந்த வாக்கியத்துக்குள் இருக்கும் எண்ணம் நம் எல்லோருக்கும் சொந்தமானது: தீமை செய்கிறவருக்கு என்று ஒரு தோற்றம் இருக்கும், கௌரவமானவர்களிடம் அது இருக்காது என்ற எண்ணம்.

இனி, யார் மீதும் தனிப்பட்ட கோபமே இல்லாதவர்கள் செய்யும் தீங்குக்கு வருவோம். அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் உளவியலாளர் ஸ்டான்லி மில்கிராம் 1961இல் தொடங்கிய பரிசோதனைகளில், சாதாரண மனிதர்களை அழைத்து, பக்கத்து அறையில் இருப்பவர் தவறான விடை சொல்லும்போதெல்லாம் மின்னதிர்ச்சி கொடுக்கும் விசையை அழுத்தச் சொன்னார்கள். 15 வோல்ட்டில் தொடங்கி 450 வோல்ட் வரை விசைகள். உண்மையில் மின்சாரம் எதுவும் பாயவில்லை, அறையில் இருந்தவர் நடிப்பவர். அழுத்தியவர்களுக்கு அது தெரியாது. 300 வோல்ட்டில் சுவரை இடிக்கும் ஓசை கேட்டது. அதன் பிறகு விடையே வரவில்லை. "தொடருங்கள்" என்று ஆய்வாளர் சொல்லிக்கொண்டிருந்தார். 40 பேரில் 26 பேர் கடைசி விசை வரை சென்றார்கள். வியர்த்தார்கள், நடுங்கினார்கள், சிலர் சம்பந்தமில்லாமல் சிரித்தார்கள், ஆனாலும் அழுத்தினார்கள்.

மனிதர்கள் அதிகாரத்துக்குப் பணிந்துவிடுவார்கள் என்பதோடு இந்தப் பரிசோதனையைச் சொல்லி முடித்துவிடுவது வழக்கம். எனக்கு முக்கியமாகத் தோன்றுவது அதன் மாற்று வடிவங்கள். பாதிக்கப்படுபவரின் கையைப் பிடித்துத் தாமே மின்னதிர்ச்சித் தகட்டின் மீது வைக்க வேண்டும் என்றபோது கடைசி வரை சென்றவர்கள் 40க்கு 12ஆகக் குறைந்தார்கள். விசையை வேறொருவர் அழுத்த, இவர் பக்கத்தில் இருந்து துணை வேலை மட்டும் செய்தால் போதும் என்றபோது அந்த எண்ணிக்கை 37ஆக உயர்ந்தது. செயலை எத்தனை துண்டுகளாகப் பிரிக்கிறோமோ அத்தனை எளிதாக ஒவ்வொரு துண்டையும் ஒரு நல்ல மனிதரிடம் கொடுத்துவிடலாம். கொள்ளிடத்து மணலை நினைத்துப் பாருங்கள்: பொக்லைன் ஓட்டியவர் கூலிக்கு ஓட்டினார், லாரிக்காரர் வாடகைக்கு ஓட்டினார், சீட்டு எழுதியவர் சொன்னதை எழுதினார், ஆற்றின் அடிமடியைத் தோண்டியவர் என்று ஒருவரைக் காட்டச் சொன்னால் காட்ட முடியாது. என் வீட்டு மாடிக்கு மூன்று லோடு மணல் இறங்கியபோது அது எங்கிருந்து வந்தது என்று நானும் கேட்கவில்லை. அந்த 37 பேரை நான் பெரிதாகக் குறை சொல்வதில்லை.

இன்னொரு வடிவமும் உண்டு. விசைக்கு முன்னால் இவரோடு வேறு இருவரும் உட்கார்ந்து, அந்த இருவரும் நடுவில் "இனி மாட்டோம்" என்று எழுந்துவிட்டபோது, கடைசி வரை சென்றவர்கள் 40க்கு 4 பேர் மட்டுமே. 26 பேர் பணிந்த அதே விசைப்பலகைதான், அதே மாதிரி ஆட்கள்தான். ஊர்க் கூட்டத்தில் ஒருவர், ஒரே ஒருவர், "இது வேண்டாம்" என்று வாய் திறந்ததால் நடக்காமல் போன அடிதடிகள் எங்கள் கோப்புகளுக்கு வரவே இல்லை. வராததைக் கணக்கிட வழியில்லை.

இதே வரிசையில் 1971இல் நடந்த ஸ்டான்ஃபோர்டு சிறைப் பரிசோதனையையும் பலர் சேர்த்துச் சொல்வார்கள். போலிச் சிறை ஒன்றில் காவலர் வேடம் கொடுத்தாலே இளைஞர்கள் கொடியவர்களாகிவிட்டார்கள் என்பது அந்தக் கதை. கடுமையாக நடந்துகொள்ளும்படி அந்தக் காவலர்களுக்கு முன்கூட்டியே சொல்லிக் கொடுக்கப்பட்டது பின்னர் வெளிவந்தது. ஆகவே அதை நான் இங்கே சாட்சியாக அழைக்கவில்லை.

பணிவு மட்டுமே போதுமான விளக்கமும் ஆகாது. யூதர்களைக் கொலை முகாம்களுக்கு அனுப்பும் ஏற்பாடுகளைக் கவனித்த நாஜி அதிகாரி அடால்ஃப் ஐக்மன் 1961இல் ஜெருசலேமில் விசாரிக்கப்பட்டபோது, உத்தரவை நிறைவேற்றிய சாதாரண அலுவலனாகவே தன்னைக் காட்டிக்கொண்டான். அந்த விசாரணையைப் பார்த்த அரசியல் சிந்தனையாளர் ஹன்னா ஆரெண்ட், சிந்திக்க மறுத்த ஒரு சாதாரண மனிதனை அவனிடம் கண்டு, தீமையின் சாதாரணத்தன்மை என்ற தொடரை உருவாக்கினார். ஆனால் அர்ஜென்டினாவில் ஒளிந்திருந்தபோது 1957இல் பதிவான நேர்காணலில், தான் செய்ததைப் பற்றி வருத்தம் இல்லாதவனாக, பெருமை உடையவனாகவே அவன் பேசுகிறான். அவன் வெறுமனே பணியவில்லை. தன் இனத்துக்கு ஆபத்து, தான் அதைக் காக்கிறேன் என்ற கதையை முழுமையாக நம்பியிருந்தான். மடைக்கு அருகில் கேட்ட அதே கதை, பல லட்சம் உயிர்களைக் கொள்ளும் அளவுக்குப் பெருகி நின்றதைத்தான் நான் அங்கே பார்க்கிறேன்.

செய்தவர் கதை முடிகிற இடத்தைத் தாண்டி அவரைப் பார்க்க வைக்க முடியுமா என்பதே அடுத்த கேள்வி. இதற்கு எனக்குத் தெரிந்த மிகப் பழைய முன்மாதிரி உறையூரை ஆண்ட சோழன் கிள்ளிவளவனிடம் சங்கப் புலவர் கோவூர்கிழார் பேசியது. புறநானூற்றின் 46ஆம் பாடல். பகைவனான மலையமானின் பிள்ளைகளை யானையின் காலில் இட அரசன் ஏற்பாடு செய்துவிட்டான். அவன் கணக்கில் அவர்கள் பகைவனின் வழித்தோன்றல்கள். புலவர் இரு குலங்களின் பெருமையையும் சுருக்கமாகச் சொல்லிவிட்டு, குழந்தைகளைக் காட்டுகிறார்: யானையைக் கண்ட வியப்பில் அழுகையை மறந்துவிட்டார்கள், இப்போது அறியாத மன்றத்தை மிரண்டு பார்த்துப் புதிதாக ஒரு துன்பத்தை உணர்கிறார்கள். நான் சொன்னதைக் கேட்டாய், இனி நீ விரும்பியதைச் செய் என்று முடித்துவிடுகிறார். தண்டனை சரியா தவறா என்று அவர் வாதாடவில்லை. அரசன் பார்க்காமல் இருந்த முகங்களை அவன் பார்க்கும்படி செய்தார். பிள்ளைகள் உயிர் பிழைத்தார்கள் என்று பாடலின் பின்குறிப்பு சொல்கிறது.

எங்கள் பங்காளி வழக்கு எட்டு ஆண்டுகள் இழுத்து, கடைசியில் சமரசத்துக்கு வந்தது. கையெழுத்துக்காக இருவரும் நீதிமன்றத் தாழ்வாரத்துப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் நான், மடியில் வழக்குக் கட்டு. புழுக்கத்தில் பெரியவர் துண்டை எடுத்துத் தலையைத் துடைத்தபோது முடி விலகித் தழும்பு தெரிந்தது. சின்னவர் அதை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, எட்டு ஆண்டுகளில் முதல் தடவையாக அவரிடம் நேராகப் பேசினார்.

"எத்தனை தையல் போட்டாங்கண்ணே?"

"ஏழு."

சின்னவர் என் பக்கம் திரும்பினார். அவர் தரப்பு மனுவில் 'லேசான சிராய்ப்பு' என்று எழுதியவன் நான். ஏழு தையல் என்ற காயச்சான்று அப்போதும் என் மடியில் இருந்த கட்டுக்குள்தான் இருந்தது.